ஆங் சான் உயிரோடு இருந்திருந்தால்?

1947 ஜூலை 19, சனிக்கிழமை. ரங்கூன் தலைமைச் செயலகத்தின் மாடியறை ஒன்றில் பர்மாவின் இடைக்கால அமைச்சரவை கூடியிருந்தது. காலை 10.37 மணிக்கு ராணுவச் சீருடை அணிந்த நான்கு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் கையில் இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. மேசையின் தலைப்பக்கத்திலிருந்து எழுந்து நின்றார் ஆங் சான். முதல் குண்டுகள் அவர்மீதுதான் பாய்ந்தன. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொலையாளிகள் வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனார்கள்.

ஆங் சானுக்கு அப்போது வயது 32. ஏப்ரல் மாதத் தேர்தலில் அவருடைய பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலை முன்னணி அமோக வெற்றி பெற்றிருந்தது. அரசியல் நிர்ணய சபை வேலையைத் தொடங்கிவிட்டது. சுதந்திர பர்மாவின் முதல் பிரதமர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அந்தப் பதவியில் அமர்வதற்கு ஐந்தரை மாதங்களே இருந்தபோது அவர் கொல்லப்பட்டார்.

'அவர் உயிரோடு இருந்திருந்தால்?' என்ற கேள்வியை மியான்மர் மக்கள் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு உள்நாட்டுப் போரின்போதும், 1962, 1988, 2021 ஆகிய ஆண்டுகளின் ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புகளின்போதும் அது புதிதாக எழுந்தது. பெரும்பாலும் ஏக்கமாகவே ஒலிக்கும் இந்தக் கேள்வியை ஆராய்ச்சிக்குரியதாக எடுத்துக்கொண்டு விடை தேடினால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியை அணுகும் முறை

நடக்காத வரலாற்றைப் பேசுவதை வரலாற்று ஆசிரியர்கள் பலர் விரும்புவதில்லை. ஈ.எச். கார் அதை வீண் பொழுதுபோக்கு என்றே ஒதுக்கினார். ஆனால் 'இந்தக் கொலை பர்மாவின் தலைவிதியை மாற்றியது' என்று யாராவது எழுதினால், கொலை நடந்திராவிட்டால் வேறு ஏதோ நடந்திருக்கும் என்ற கணிப்பு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அந்தக் கணிப்பை வெளிப்படையாக வைத்துச் சோதிப்பதே நேர்மையான வழி.

மூன்று கேள்விகளை வைத்துச் சோதிக்கலாம். கொலைக்கு முன்பே தொடங்கிவிட்ட போக்குகள் எவை? ஆங் சான் என்ற தனிமனிதரை மட்டுமே நம்பி நின்றவை எவை? எத்தனை ஆண்டுகள் வரை நாம் பொறுப்போடு ஊகிக்கலாம்?

இந்தச் சோதனையைச் செய்யாமல் கணக்குப் போட்டவர்களில் முதல் ஆள், கொலையை ஏவியவரே. போருக்கு முன் பிரதமராக இருந்த ஊ சா, ஆங் சானை அகற்றிவிட்டால் பிரிட்டிஷ் ஆளுநர் தன்னை அழைத்து ஆட்சி அமைக்கச் சொல்வார் என்று நம்பினார். ஆளுநர் ஹியூபர்ட் ரான்ஸோ அன்றைய தினமே முன்னணியின் மற்றொரு தலைவரான தக்கின் நூவை (ஊ நூ) அழைத்தார். ஊ சாவின் வீட்டையொட்டிய ஏரியிலிருந்து ஆயுதங்கள் மீட்கப்பட்டன. அவற்றில் சில பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் கைவழியாகவே அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தன. 1948 மே 8 அன்று ஊ சா இன்செயின் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு தலைவரைக் கொன்றால் வரலாறு தான் நினைத்த பக்கம் திரும்பும் என்ற அவருடைய எண்ணம் பலிக்கவில்லை. வரலாறு திரும்பியது உண்மை. அவர் எதிர்பார்த்த திசையில் அல்ல.

முன்பே தொடங்கிவிட்டவை

சுதந்திரம் வந்த மூன்றே மாதங்களில், 1948 மார்ச் இறுதியில், கம்யூனிஸ்டுகள் கிளர்ச்சியில் இறங்கினார்கள். 1949 ஜனவரியில் கரேன் மக்களின் ஆயுதப் போராட்டம் வெடித்து, ரங்கூனின் வாசலான இன்செயின் வரை வந்துவிட்டது. 'ரங்கூன் அரசு' என்று கேலி பேசும் அளவுக்கு ஊ நூவின் ஆட்சி தலைநகருக்குள் சுருங்கியது. ஆங் சான் இருந்திருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது என்பதே பரவலான நம்பிக்கை. ஆனால் தேதிகள் வேறு கதை சொல்கின்றன.

கம்யூனிஸ்டுகளோடு முறிவு ஏற்பட்டது 1946இல். முன்னணியிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டபோது தலைமையில் இருந்தவர் ஆங் சானே. கட்சித் தலைவர் தக்கின் தான் துன் அவருக்குச் சகலை. இருவரும் அக்கா தங்கையை மணந்தவர்கள். அந்த உறவுகூட முறிவைத் தடுக்கவில்லை.

கரேன் பிரச்சினையின் வேர் இன்னும் ஆழமானது. 1942இல் ஜப்பானியரோடு பர்மாவுக்குள் நுழைந்த பர்மா சுதந்திரப் படையை உருவாக்கியவர் ஆங் சான். அந்தப் படையினர் மியாங்மியா வட்டாரத்தில் கரேன் மக்களைக் கொன்று குவித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் பெருமளவில் சேர்ந்திருந்த கரேன்களுக்கும் பர்மியத் தேசியவாதிகளுக்கும் இடையே இருந்த பகை அப்போது ரத்தப் பகையாக மாறியது. பின்னாளில் ஆங் சான் கரேன் தலைவர்களோடு பேசினார். அமைச்சரவையில் இடம் கொடுத்தார். என்றாலும், 1947 பிப்ரவரியில் உருவான கரேன் தேசிய ஒன்றியம் ஏப்ரல் தேர்தலைப் புறக்கணித்தது. கொலைக்கு மூன்று மாதம் முன்பே பேச்சுவார்த்தை முட்டுச்சந்தில் நின்றது.

பர்மா காமன்வெல்த்தில் சேராமல் போனதையும் கொலையின் கணக்கில் எழுத முடியாது. இறையாண்மை கொண்ட சுதந்திரக் குடியரசு என்ற தீர்மானம் 1947 ஜூனிலேயே அரசியல் நிர்ணய சபைக்கு வந்துவிட்டது. குடியரசு ஒன்று காமன்வெல்த்தில் தொடரலாம் என்ற வழி 1949இல் இந்தியாவுக்காகத்தான் திறந்தது. சீன உள்நாட்டுப் போரில் தோற்ற கோமிண்டாங் படையினர் ஷான் மலைகளுக்குள் நுழைந்ததும் ரங்கூனில் யார் பிரதமர் என்பதைப் பொறுத்த விஷயமல்ல.

அவரை மட்டுமே நம்பி நின்றவை

மூன்று விஷயங்கள் ஆங் சானின் தோளில் நின்றன.

முதலாவது, மக்கள் தொண்டர் படை. 1945 செப்டம்பரில் இலங்கையின் கண்டியில் மவுண்ட்பேட்டனோடு செய்த உடன்பாட்டின்படி, ஆங் சானின் போராளிகளில் ஒரு பகுதியினர் மட்டுமே புதிய ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களை அவர் தொண்டர் படையாகத் திரட்டி வைத்திருந்தார். அவர்களுக்குக் கட்சி, கொள்கை எல்லாமே அவர்தான். அவர் போனதும் கட்டுப்படுத்த ஆளில்லாமல், 1948 நடுவில் படை இரண்டாக உடைந்தது. பெரும்பகுதி ஆயுதங்களோடு தலைமறைவானது. ஆங் சான் இருந்திருந்தால் இந்த உடைவு நடந்திருக்காது என்று ஓரளவு உறுதியாகவே சொல்லலாம். கம்யூனிஸ்டுகள் தனித்து நின்றிருப்பார்கள்.

இரண்டாவது, ராணுவம். அதை உருவாக்கியவர் என்ற மதிப்பு அவருக்கு இருந்தது. ஹைனான் தீவில் ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற 'முப்பது தோழர்'களில் அவரே முதல்வர். பின்னாளில் ராணுவ ஆட்சியாளரான நே வின் அவருக்குக் கீழே இருந்தவர். சுதந்திரத்தின்போது தலைமைத் தளபதியாக இருந்தவர் ஸ்மித் டன் என்ற கரேன் இனத்தவர். 1949 தொடக்கத்தில் கரேன் போர் வெடித்ததும் அவர் விடுப்பில் அனுப்பப்பட்டார். அந்த நாற்காலியில் நே வின் அமர்ந்தார். 1962 மார்ச் 2 அன்று நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்கான பாதை இங்கிருந்துதான் புறப்படுகிறது. பர்மிய ராணுவத்தை ஆராய்ந்த மேரி காலஹன், ராணுவம் அரசையே விழுங்கியதற்கு உள்நாட்டுப் போரின் தேவைகளே காரணம் என்று வாதிடுகிறார். அந்த வாதத்தை ஏற்றால், போரைச் சுருக்கியிருக்கக்கூடிய எவரும் ராணுவ ஆட்சியையும் தடுத்திருக்கக்கூடியவர் என்றாகிறது.

மூன்றாவது, பாங்லாங். 1947 பிப்ரவரி 12 அன்று ஷான் மலையூரான பாங்லாங்கில் ஆங் சானும் மலைத் தலைவர்களுமாக 23 பேர் கையெழுத்திட்ட அந்த உடன்பாட்டை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். மொத்தம் ஒன்பது கூறுகள்தான். எல்லைப் பகுதிகளுக்கு உள்நாட்டு நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி கொள்கையளவில் ஏற்கப்படுகிறது என்கிறது ஒரு கூறு. கச்சின்களுக்குத் தனி மாநிலம் விரும்பத்தக்கது. அதை அரசியல் நிர்ணய சபை முடிவு செய்யும் என்கிறது இன்னொன்று. ஷான் பகுதியின் நிதித் தன்னாட்சி பாதிக்கப்படாது என்று வேறொரு கூறு உறுதி தருகிறது. வாக்கு மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்று எங்கும் சொல்லப்படவில்லை. கரேன்கள் பார்வையாளர்களாக மட்டும் வந்திருந்தார்கள். கரென்னி, மோன், அரக்கான் மக்கள் கையெழுத்திட்டவர்களில் இல்லை.

இவ்வளவு மெல்லிய தாளை நம்பி மலைத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டதற்குக் காரணம் எதிரே உட்கார்ந்திருந்த மனிதர்மீது வைத்த நம்பிக்கை. அவர் போன பிறகு, 1947 செப்டம்பரில் நிறைவேறிய அரசியல் சட்டம் ஷான், கரென்னி மாநிலங்களுக்குப் பத்து ஆண்டுகள் கழித்துப் பிரிந்து போகும் உரிமையை எழுத்தில் தந்தது. நடைமுறையில் அதிகாரமும் பணமும் ரங்கூனிலேயே தங்கின. 1961 ஜூனில் டவுஞ்ஜியில் கூடிய மலைத் தலைவர்கள் உண்மையான கூட்டாட்சி கேட்டார்கள். அந்தக் கோரிக்கையையே நாடு உடையப் போவதற்கான அடையாளமாகக் காட்டி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பாங்லாங்கில் கையெழுத்திட்டவரும், சுதந்திர பர்மாவின் முதல் குடியரசுத் தலைவருமான ஷான் தலைவர் சாவோ ஷ்வே தைக் அன்றே கைதானார். அந்த இரவில் அவருடைய மகன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அவரும் சிறையில் இறந்தார். ஆங் சான் கொடுத்த வாக்கின் கதி என்னவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இறந்தவர் ஒருவர் மட்டுமல்ல

இந்த விவாதங்களில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. ஜூலை 19 அன்று சுடப்பட்டு இறந்தவர்கள் ஒன்பது பேர். ஷான் பகுதியின் மோங்பான் அரசர் சாவோ சாம் துன் மறுநாள் உயிர் விட்டார். மான் பா கைங் கரேன். மாண்டலேயில் தேசியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த அப்துல் ரசாக் இந்திய வழிவந்த முஸ்லிம். தக்கின் மியா உழவர் இயக்கத்தின் முகம். ஆங் சானுக்கு அடுத்த நிலையில் வைத்துப் பேசப்பட்டவர். பா சோ மூத்த இதழாளர். பா வின் ஆங் சானின் அண்ணன். இவர்களோடு ஓர் அதிகாரியும், ரசாக்கின் இளம் மெய்க்காவலர் ஒருவரும் உயிரிழந்தார்கள்.

பர்மியர், ஷான், கரேன், முஸ்லிம், சோஷலிஸ்ட் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்த அப்படிப்பட்ட அமைச்சரவை அந்த நாட்டுக்குப் பிறகு வாய்க்கவில்லை. ஆங் சான் மட்டும் தப்பி மற்றவர்கள் இறந்திருந்தால்கூட இழப்பு பெரிதாகவே இருந்திருக்கும். ஆகவே 'ஆங் சான் இருந்திருந்தால்' என்பதைவிட 'அந்த அமைச்சரவை இருந்திருந்தால்' என்பதே பொருத்தமான கேள்வி. மான் பா கைங் உயிரோடு இருந்திருந்தால், 1948 கிறிஸ்துமஸ் முன்னிரவில் தெற்கே கரேன் கிறிஸ்தவர்கள் படுகொலை செய்யப்பட்டபோது அந்த மக்களிடம் போய்ப் பேச ஓர் அமைச்சர் இருந்திருப்பார். சாவோ சாம் துன் இருந்திருந்தால் அரசியல் சட்டத்தின் மாநில அதிகாரங்கள் எழுதப்பட்டபோது ஷான் தரப்பில் வலுவான ஒரு குரல் கூடுதலாக இருந்திருக்கும்.

மறுபக்கம்

எதிர்வாதத்தையும் முழு வலுவோடு வைத்தாக வேண்டும். விடுதலையை வாங்கித் தந்த நாயகர்கள் உயிரோடு இருந்து ஆண்ட நாடுகள் எல்லாம் நன்றாக வாழ்ந்துவிடவில்லை. இந்தோனேசியாவின் சுகர்ணோ 1959இல் நாடாளுமன்ற ஆட்சியை ஒதுக்கி 'வழிநடத்தப்பட்ட ஜனநாயகம்' கொண்டுவந்தார். கானாவின் குவாமே நிக்ருமா 1964இல் ஒற்றைக் கட்சி ஆட்சியை நிறுவினார். இரண்டே ஆண்டில் ராணுவம் அவரை வீழ்த்தியது. மக்களின் அளவற்ற அன்பு ஒரு தலைவரை எதிர்க்கேள்வி கேட்க முடியாதவராக்கிவிடும்.

ஆங் சானிடமும் அந்த வித்து இருந்தது. ஜப்பானியரோடு இருந்த காலத்தில் அவர் பெயரில் எழுதப்பட்ட திட்டம் ஒன்று ஒரே கட்சி, ஒரே தலைவர் என்ற அரசைக் கனவு கண்டது. 1942இல் பிரிட்டிஷாருக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு கிராமத் தலைவரை அவரே முன்னின்று கொன்றார். போருக்குப் பின் அந்தக் கொலைக்காக அவரைக் கைது செய்யலாமா என்று ஆளுநர் மாளிகையில் விவாதமே நடந்தது.

ஆனால் அவர் மாறிக்கொண்டே வந்தவர் என்பதும் அதே அளவு உண்மை. 1936 மாணவர் வேலைநிறுத்தத்தில் பத்திரிகை ஆசிரியராகத் தன் கட்டுரையாளரைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். 1940இல் காங்கிரசின் ராம்கர் மாநாட்டுக்கு வந்தார். ஜப்பானை நம்பிப் போய், ஏமாற்றத்தை உணர்ந்து, 1945 மார்ச் 27 அன்று அதே ஜப்பானுக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பினார். 1947 ஜனவரி 27 அன்று லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியோடு உடன்பாட்டில் கையெழுத்திட்டு, ஓராண்டுக்குள் விடுதலைக்கு வழி வகுத்தார். மதத்தை அரசியலிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பேசினார். 1961இல் ஊ நூ பௌத்தத்தை அரசு மதமாக்கியதும் கச்சின், சின் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆங் சான் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார் என்று நம்ப அவருடைய பேச்சுகளிலேயே இடமிருக்கிறது.

தமிழர்களுக்கு என்ன ஆகியிருக்கும்?

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று அதிகம். ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் அவர்களே. துறைமுகக் கூலிகளிலிருந்து செட்டிநாட்டு வட்டிக்கடைகள் வரை தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். 1930களின் பெருமந்தத்தில் கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் வசமானது. இந்த நிலைமையை எந்தப் பர்மியத் தேசியவாதியும் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆங் சானின் முன்னணியே நிலச் சீர்திருத்தத்தை முழங்கியது. 1948இல் வந்த நில நாட்டுடைமைச் சட்டம் அவர் இருந்திருந்தாலும் வந்திருக்கும். நகரத்தாரின் நிலம் எப்படியும் போயிருக்கும்.

ஆனால் 1964 வேறு. நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாததாக்கியது. சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெறுங்கையோடு வெளியேறினார்கள். சிறு வணிகர்கள், தையற்காரர்கள், உணவகம் வைத்திருந்தவர்கள் எனப் பலரும் தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். சென்னையின் பர்மா பஜாரும், வடசென்னையின் அத்தோ கடைகளும், மணிப்பூர் எல்லையில் மோரேயில் நிற்கும் தமிழர் கோயிலும் அந்தப் புலம்பெயர்வின் சுவடுகள். ராணுவ ஆட்சியே வந்திராவிட்டால் இந்த வெளியேற்றம் இவ்வளவு பெரிதாக, இவ்வளவு கொடுமையாக நடந்திருக்காது. ஆங் சானின் மரணத்துக்கும் நம் மக்களின் துயரத்துக்கும் தொடர்பு உண்டென்றால் அது நே வின் வழியாக வரும் தொடர்பே.

வேறு நாடுகள் சொல்வது

1928 ஜூலை 17 அன்று மெக்சிகோவில், குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றுப் பதவியேற்கக் காத்திருந்த ஆல்வாரோ ஒப்ரகோன் உணவகம் ஒன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதவியிலிருந்த காயேஸ், தனிமனிதர்களை நம்பும் காலம் முடிந்தது என்று அறிவித்து அடுத்த ஆண்டே ஒரு தேசியக் கட்சியை உருவாக்கினார். அது ஜனநாயகமாக வளரவில்லை. ஆயினும் ஆட்சிக்காகத் தளபதிகள் ஒருவரையொருவர் கொல்லும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1989 ஆகஸ்டில் கொலம்பியாவின் வேட்பாளர் லூயிஸ் கார்லோஸ் கலான் போதைக் கும்பலால் கொல்லப்பட்டார். அவருடைய பிரச்சாரத்தை நடத்திய சேசார் கவிரியா கொடியை ஏந்தி வென்றார்; 1991இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. ஏந்திக்கொள்ளக் கட்சியும் அமைப்பும் இருந்த இடங்களில் கொலையின் சேதம் குறைந்தது. பர்மாவில் தலைவரோடு சேர்ந்து அடுத்த நிலைத் தலைவர்களும் ஒரே அறையில் வீழ்ந்தார்கள். முன்னணி 1958இல் இரண்டாக உடைந்து, நே வின்னின் முதல் ஆட்சிக்கு வழிவிட்டது.

தீர்ப்பு

ஆங் சான் உயிரோடு இருந்திருந்தால் கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சி நடந்திருக்கும். ஆனால் தொண்டர் படையின் துணை அதற்குக் கிடைத்திருக்காது. கரேன் போரைத் தவிர்க்க நியாயமான வாய்ப்பு இருந்திருக்கும், உறுதி இல்லை. நே வின் 1949இல் தலைமைத் தளபதி ஆகியிருக்க மாட்டார் என்று பெரும்பாலும் சொல்லலாம். அதற்கு அப்பால், 1950களின் நடுப்பகுதியைத் தாண்டி எதைச் சொன்னாலும் அது கற்பனையே.

2017இல் மோன் மாநிலத்தில் புதிய பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியதை அந்த மக்கள் எதிர்த்தார்கள். 2019இல் கரென்னி மக்களின் லோய்கா நகரில் அவர் சிலைக்கு எதிராக இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர் நல்லவரா என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. அவர் கொடுத்த வாக்கு எங்கே என்றுதான் கேட்டார்கள். 2016இல் அவருடைய மகள் ஆங் சான் சூ கீ 'இருபத்தோராம் நூற்றாண்டின் பாங்லாங்' என்ற பெயரில் மாநாடு கூட்டினார். அதுவும் மீண்டும் ஒரு பெயரின் மதிப்பில் நின்றதே தவிர, ராணுவத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் அதையும் கலைத்துப் போட்டது.

மியான்மரில் இன்று கூட்டாட்சிக்காகப் போராடும் எல்லா இனத்து இளைஞர்களும் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அடுத்த உடன்பாட்டை, கையெழுத்திட்டவர் இறந்தாலும் செல்லுபடியாகும்படி எழுதுங்கள். வரிப்பணத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு, படை யாருக்குக் கட்டுப்படும், வாக்கு மீறினால் எந்த நீதிமன்றம் கேட்கும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பாங்லாங்கில் இவை எழுதப்பட்டிருந்தால், ஜூலை 19 ஒரு பெரும் துக்க நாளாக மட்டும் நின்றிருக்கும். எழுபத்தைந்து ஆண்டுப் போருக்குத் தொடக்கமாகியிருக்காது.